மண்ணுளியும் வகுப்பறையும்: பாம்பைக் காட்டிக் கற்பித்தல் குறித்த ஒரு மறுவாசிப்பு

மதுரைச் சமவெளியின் பள்ளிகளில் உயிருள்ள பாம்பு ஒன்றை வகுப்பறையில் வைத்துக் காட்டலாம் என்போர், தேர்வை ஏறக்குறைய எப்போதும் மண்ணுளிப் பாம்பில் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். நஞ்சில்லை, சாது, கையில் எடுத்தாலும் எளிதில் கடிக்காது, சிறிய கண்ணாடித் தொட்டியே போதும் என்பவை அவர்கள் அடுக்கும் காரணங்கள். சட்டம் தடுக்காதா என்று கேட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 12ஆம் பிரிவைக் காட்டுகின்றனர். கல்விக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்கிறது அப்பிரிவு. வகுப்பறையில் நடப்பது கல்விதானே என்பது அவர்கள் வாதம். இந்த வாசிப்பு அப்பிரிவின் அமைப்போடு பொருந்தவில்லை. ஒருவேளை பொருந்தினாலும் மண்ணுளி தவறான தேர்வு. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

12ஆம் பிரிவு வேட்டைத் தடைக்கு விலக்கு அளிக்கும் பிரிவு. இச்சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல் எல்லாம் அதில் அடங்கும். எனவே அப்பிரிவின்கீழ் கிடைக்கும் அனுமதி, அடிப்படையில் பிடிப்பதற்கான அனுமதி. பிடித்ததை உடைமையாக வைத்திருப்பதைச் சட்டம் வேறு பிரிவுகளில் கையாள்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் ‘கல்விக்கு அனுமதி உண்டு’ என்பது ‘வகுப்பில் வளர்க்க அனுமதி உண்டு’ என்று ஆகிவிடுகிறது.

அப்பிரிவு பட்டியலிடும் நோக்கங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, அறிவியல்பூர்வ மேலாண்மை என்பவை முதலில் வருகின்றன. அடுத்து, அங்கீகாரம் பெற்ற உயிரியல் பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்கள், அவை போன்ற நிறுவனங்களுக்கும் மாதிரிகள் சேகரித்தல். கடைசியாக, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுத்தல். காட்சிக்கு வைப்பதும் ‘கல்வி’ என்ற தலைப்பிலேயே அடங்கும் என்றால், பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் தனியே குறிப்பிடச் சட்டமியற்றியோருக்குத் தேவையே இருந்திருக்காது. அவை இரண்டும் கல்விக்கூடங்களும்தானே. தனியே குறிப்பிட்டிருப்பதால், காட்சி வேறொரு நோக்கமாக, வேறு நிபந்தனைகளுக்கு உட்பட்டதாகக் கருதப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ‘அவை போன்ற நிறுவனங்கள்’ என்ற சொற்றொடரிலிருந்து எழும். பள்ளியும் அருங்காட்சியகம் போன்ற நிறுவனம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அந்தக் கூறு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உயிருள்ளவற்றைக் காட்டும் பூங்கா ஒரு பக்கம் நிற்கிறது. அதற்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். பதப்படுத்திய மாதிரிகளை வைக்கும் அருங்காட்சியகம் மறுபக்கம் நிற்கிறது; அதற்கு அந்த அங்கீகாரம் வேண்டியதில்லை. கண்ணாடித் தொட்டியில் மூச்சுவிடும் பாம்பு இவற்றில் எந்தப் பக்கத்தைச் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் வாசிப்பே முடிந்த முடிவு என்று சொல்லவில்லை. எனினும், அங்கீகாரம் பெற்ற பூங்காவுக்கே மருத்துவர், கூண்டின் அளவு, பதிவேடு என்று இத்தனை கட்டுப்பாடு விதிக்கும் சட்டம், ஒரு வகுப்பறையை எந்தக் கட்டுப்பாடும் இன்றி விட்டுவிட எண்ணியது என்று ஏற்பது கடினம்.

நஞ்சு எடுப்பதற்கான கூறு இதை மேலும் உறுதிசெய்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உரிமம் பெற்று இயங்குகிறது. அங்கே பிடித்துவரும் பாம்பை மூன்று நான்கு வாரம் மண்பானையில் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துத் தயாரிப்பு பெரிதும் நம்பியிருக்கும் பணி இது. அதற்கே சில வாரங்கள்தான் என்றால், காட்சிக்காக ஒரு கல்வியாண்டு முழுவதும் பாம்பை அடைத்துவைப்பதற்கு அதே பிரிவில் இடம் தேடுவது எப்படிச் சரியாகும்?

இனி மண்ணுளி. அது மண்ணுக்குள் வாழ்வது; பெரும்பாலும் இரவில் வெளிவருவது. தொட்டியில் அரை அடிக்கு மணலிட்டால் பள்ளி நேரம் முழுவதும் புதைந்தே கிடக்கும். மாணவர் பார்ப்பது வெறும் மணல். அவர்கள் பார்க்க வேண்டுமென்றால் மணலை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்த உயிருக்கு ஒளிவிடம் இல்லை. சாதுத்தன்மையைத் தேர்வின் முதல் அளவுகோலாக்கிய வாதமரபு இந்த முரணை எங்கும் எதிர்கொண்டதாகத் தெரியவில்லை. நெருக்குதலுக்கு ஆளான மண்ணுளி தலையை உடலுக்கடியில் ஒளித்து, மழுங்கிய வாலைத் தூக்கிக் காட்டும். ‘இருதலை மணியன்’ என்ற நம்பிக்கை பிறந்த இடம் அதுவே. அஞ்சிய பாம்பை மேசைமேல் வைத்தால், எந்த மூடநம்பிக்கையை அகற்ற வந்தோமோ அதற்கே வகுப்பு சான்றாகிவிடும். எடை கூடக்கூட விலை லட்சங்களில் ஏறும் என்ற புரட்டை நம்பி மண்ணுளியைக் கடத்துவோர் தமிழகத்தில் அடிக்கடி பிடிபடுகின்றனர். அப்படியோர் உயிரைப் பூட்டுச் சரியில்லாத ஆய்வகத்தில் வைப்பதன் விளைவை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கையில் ஏந்தப் பழகிய குழந்தை வயலிலும் கையை நீட்டும். மண்ணுளியின் நெருங்கிய உறவான, கரடுமுரடான குட்டை வாலுடைய இன்னொரு மண்பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. 2019இல் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு தீண்டி ஒரு சிறுமி உயிரிழந்தாள். இப்படிப்பட்ட நாட்டில் பாம்புப் பாடத்தின் முதல் கடமை அச்சம் போக்குவது அன்று. அடையாளம் காணக் கற்பிப்பது.

மேலூரின் நெல்வயல்களிலும் உசிலம்பட்டியின் மானாவாரி நிலங்களிலும் வாழும் குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் வேறுபாடு கட்டுவிரியனுக்கும் ஓநாய்ப் பாம்புக்கும் இடையிலானது. கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் செதில் வரிசை பக்கச் செதில்களைவிடப் பெரியது, அறுகோண வடிவம் கொண்டது. அதன் வெண்கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக வரும். தலைப்பக்கம் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவடையும். ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ்: பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வாலருகே மறையும், நடுச்செதில்கள் பெரிதாக இரா. இதைக் கற்க உயிருள்ள பாம்பு உதவாது. அசையாத, இயல்பளவுக்கும் பெரிதான வண்ணப்படமும், கல்லூரி விலங்கியல் துறைகளில் பதப்படுத்தி வைத்திருக்கும் மாதிரியும்தான் வேண்டும். பார்த்துத் தெரிந்துகொண்டாலும் தொடக்கூடாது என்பதும், கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது என்பதால் தரையில் உறங்கியவர் காரணம் தெரியாத வயிற்றுவலி, இமைத்தொய்வு என்று விழித்தால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதும் அதே பாடத்தின் பகுதி.

அமெரிக்கச் சோளப்பாம்பையோ ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பையோ வாங்கிவிடலாமே என்ற யோசனையில் நேரம் செலவிட வேண்டியதில்லை. பந்து மலைப்பாம்பு, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது; வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதைப் பதிவுசெய்ய வேண்டும். சோளப்பாம்புக்கு அந்தச் சிக்கல் இல்லாமலிருக்கலாம். ஆனால் நாகமலைச் சாரலில் வளரும் மாணவி ஒருநாளும் எதிர்கொள்ளப் போகாத பாம்பு அது.

உயிருள்ள பாம்பு ஒன்றைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், தேர்வு பள்ளித் தோட்டத்திலேயே இருக்கிறது. பூந்தொட்டிக்கடியிலும் ஈரமான இலைக்குப்பையிலும் வாழும் புழுப்பாம்பு ஏறத்தாழ ஒரு சாண் நீளம்; எறும்பு, கறையான்களின் முட்டைகளையும் புழுக்களையும் உண்பது. இந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண், இணைசேராமலே முட்டையிடுபவை. தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகின் பல வெப்பநாடுகளில் குடியேறிவிட்ட பாம்பு இது. கன்னி இனப்பெருக்கம், பரவல், உணவுச் சங்கிலி என்று பாடநூல் தனித்தனியே சொல்லும் மூன்றையும் ஒரே உயிரில் காட்டலாம். பிடிக்க வேண்டியதில்லை, ஆசிரியர் முதலில் நீண்ட கோலால் தொட்டியை மெல்லச் சாய்த்து, அடியில் வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின் மாணவரை அழைத்தால் போதும். பார்த்ததும் மண்புழு என்றே தோன்றலாம்; ஆனால் மண்புழுவின் உடலில் வளையங்கள் தெரியும். இதன் உடல் வழவழப்பான செதிலோடு மின்னும், நுனியில் சிறு நாக்கு வெளிவந்து மறையும். இதை மாணவர் தாமே கண்டு சொல்ல இரண்டு நிமிடம் எடுக்கும். பிறகு தொட்டியைப் பழையபடி நிமிர்த்திவிடலாம்.

மதுரையில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுப்பெறும்போது புழுப்பாம்புகள் மேலே வருகின்றன. இந்த வகுப்பை அந்த மாதத்திலும், கட்டுவிரியன் பாடத்தைத் தை அறுவடை தொடங்குவதற்கு முன்பும் நடத்துமாறு ஆண்டுத் திட்டம் வகுத்தால் போதும். இதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் தேவைப்படாது.