காட்ஸில்லா எதை எடுத்தது, எதை விட்டது?

டைனோசர் படம் பார்த்துட்டு நாமும் ஒரு கதை பண்ணணும்னா எதை எடுக்கலாம், எதை விடலாம்? வரலாற்றில் இதுக்கு நல்ல உதாரணம், 1954-ல் வந்த ஜப்பானியப் படம் காட்ஸில்லா.

1953-ல் 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்'னு ஒரு அமெரிக்கப் படம். ஆர்க்டிக் பனியில் உறைஞ்சு கிடந்த டைனோசர், அணுகுண்டுச் சோதனையில் விழிச்சு நியூயார்க்கைத் தாக்கும். தயாரிப்பாளர் டோமோயுகி தனாகா அந்தக் கருவை எடுத்துக்கிட்டார். மிச்சமெல்லாம் ஜப்பானோட சொந்த அனுபவம்.

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 'லக்கி டிராகன்' படகில் மீன்பிடிச்ச 23 பேர் மேல விழுந்தது. காட்ஸில்லாவும் நடுக்கடலில் ஒரு கப்பல் எரியுறதோடதான் தொடங்கும். போர் முடிஞ்சு ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா இடிபாடுகளைப் பார்த்தவர் இயக்குநர் இஷிரோ ஹோண்டா. அதனால மிருகம் போன பிறகு, காயம்பட்டவங்க நிறைஞ்ச ஆஸ்பத்திரியையும் காட்டினார். அமெரிக்கப் படத்தில் குண்டு மிருகத்தை எழுப்புது. இங்கே மிருகமே குண்டு.

எடுத்த விதமும் வேற. 'கிங் காங்' மாதிரி பொம்மையை ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்த நேரமில்ல. ரப்பர் உடைக்குள்ள ஒரு ஆள் நடந்து, மினியேச்சர் டோக்கியோவை நொறுக்கினார்.

நான் விருதுநகர்க்காரன். 1993-ல் வந்த ஜுராசிக் பார்க்கில் டி-ரெக்ஸ் வரும் முன்னாடி டம்ளர் தண்ணி அதிரும். சிவகாசிப் பக்கம் பாத்திரம் அதிர்ந்தா, எந்த ஆலைன்னுதான் முதல்ல கேட்போம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடி விபத்தில் 30 பேருக்கு மேல இறந்தாங்க. காப்பாத்த ஓடினவங்களும் அதுல உண்டு. நம்மூர்ல குறும்படம் எடுக்கிற தம்பி தங்கச்சிங்க டி-ரெக்ஸை விட்டுட்டு, அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.