டிரா என்று எழுதிய பிறகு

பதினேழு வயதில் ஒரு மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில், ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தை டிரா செய்தேன். ராஜாக்களைத் தவிர என்னிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும் இருந்தன. எதிராளியிடம் யானை மட்டும். சிப்பாய் டி7 வரை போய்விட்டது. ராணியாக இன்னும் ஒரு கட்டம்தான் பாக்கி. ஆனால் அந்த டி8 கட்டத்தில் என் ராஜாவே வழியை மறித்துக்கொண்டு நின்றது. ராஜாவை வெளியே எடுத்தால் செக். மறுபடி செக். பயந்து திரும்ப உள்ளே போவேன். நான்கு மணி நேரம் ஓடியிருந்தது, நல்ல பசி. எதிரே இருந்த பையன் மெதுவாக "டிரா?" என்றான். கை கொடுத்துவிட்டேன். அந்த அரைப் புள்ளியில் மாநிலப் போட்டிக்கான இடம் போனது.

எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்த அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "இதுக்கு விடை கிட்டத்தட்ட நானூறு வருஷமா தெரியும்டா" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அங்கேயே பலகையை விரித்துக் காட்டினார். என் யானை எஃப் வரிசையில் நின்று எதிராளியின் ராஜாவை ஜி7 பக்கம் தள்ளி வைத்திருந்தது. அந்த யானையை முதலில் எஃப்4க்குக் கொண்டுவர வேண்டும். பார்த்தால் ஒன்றுமே செய்யாத நகர்வு மாதிரி இருக்கும். பிறகு ராஜா வெளியே வரும். ஈ7, டி6, ஈ6, டி5 என்று செக்குகளை வாங்கிக்கொண்டே படியிறங்கும். டி1இலிருந்து கடைசி செக் வரும்போது என் யானை டி4க்கு வந்து குறுக்கே நிற்கும். அவ்வளவுதான். அதற்குமேல் சிப்பாயை யாராலும் நிறுத்த முடியாது. செஸ்காரர்கள் இதைப் 'பாலம் கட்டுவது' என்பார்கள்.

இந்த நிலைக்கு லூசெனா நிலை என்று பெயர். லூசெனா ஸ்பெயின்காரர், 1497இல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதியவர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் இந்த நிலையே இல்லை. இது அச்சில் வந்தது 1634இல், இத்தாலியரான சால்வியோவின் புத்தகத்தில். பின்னால் வந்த யாரோ பெயரை மாற்றிச் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. என் தோல்விக்குக்கூட தப்பான ஆளின் பெயர்தான்.

அன்றிரவு எனக்கு வந்த சந்தேகம் இது. எல்லா விடையும் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தால் முடிந்துபோன ஆட்டத்தை நாம் ஏன் மறுபடி நோண்ட வேண்டும்? மனப்பாடம் செய்தால் போதாதா? அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நான்கே நான்கு காய்களை அடுக்கிவைத்து ஒரு கதை சொன்னார். பிற்பாடு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

1875இல் லண்டனில் ஃபென்டன், பாட்டர் என்ற இருவர் ஆடினார்கள். ஒருவரிடம் ராஜாவும் சிப்பாயும், மற்றவரிடம் ராஜாவும் யானையும். என்னை மாதிரியே டிரா என்று கை கொடுத்துக்கொண்டார்கள். சிப்பாய் வைத்திருந்தவர் ஜெயித்திருக்கலாம் என்று அதே ஆண்டில் ஸுக்கர்டோர்ட் எழுதிக் காட்டினார். பிறகு அந்த ஆட்டத்தை எல்லாரும் மறந்துபோனார்கள்.

இருபது வருடம் கழித்து, 1895இல் பாட்டர் இறந்தார். 'கிளாஸ்கோ வீக்லி சிட்டிசன்' பத்திரிகையில் செஸ் பத்தி எழுதிவந்த பார்பியர், அவர் நினைவாக அந்த முடிவை ஞாபகத்திலிருந்து எடுத்து வாசகர்களுக்குக் கொடுத்தார். ஞாபகத்தில் நிலை கொஞ்சம் மாறிவிட்டது. மாறிய நிலையை நோண்டிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணில் ஒரு தந்திரம் பட்டது. யானைக்காரர் தோற்க வேண்டியதில்லை! உடனே அதையே புதிராக்கினார்: கறுப்பு முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும்.

பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி7. கறுப்பு ராஜா மூலையில், ஏ1இல். யானை டி5. சிப்பாய் அடுத்த நகர்வில் ராணியாகிவிடும் என்பதால் கறுப்பு செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யானை டி6இல் செக். வெள்ளை ராஜா அவசரப்பட்டு சி5க்கு வந்தால் யானை டி1க்குப் போகும். சிப்பாய் ராணியானதும் சி1இலிருந்து செக் வரும், ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணி பறிபோகும். அதனால் ராஜா பி வரிசையிலேயே பி5, பி4, பி3 என்று இறங்க, யானையும் டி5, டி4, டி3 என்று பின்னாலேயே வரும். கடைசியில் ராஜா சி2க்கு நகரும். இனி டி1, சி1 தந்திரம் செல்லாது. இங்கேதான் பார்பியர் கண்டது: யானை டி4! சிப்பாய் ராணியானால் யானை சி4இல் செக் கொடுக்கும். ராணி அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் மூலையில் இருக்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. ஸ்டேல்மேட், டிரா.

பத்தியில் விடையும் வந்தது. விஷயம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். அப்போது கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஒருவர், ஃபெர்னாண்டோ சாவேத்ரா, ஒரு திருத்தம் சொன்னார். சிப்பாயை ராணியாக்காதீர்கள், யானையாக்குங்கள்.

யானை சி4இல் வெட்டினாலும் கறுப்பு ராஜாவுக்கு ஏ2இல் நகர இடமிருக்கும் என்பதால் ஸ்டேல்மேட் பொறி அங்கேயே செத்துப்போகிறது. அதோடு ஏ8இல் மேட் மிரட்டலும் வருகிறது. கறுப்பு யானை ஏ4க்கு ஓடி அடைக்க வேண்டும். வெள்ளை ராஜா அமைதியாக பி3க்குப் போகும். ஒரே நகர்வில் இரண்டு மிரட்டல்: சி1இல் மேட், ஏ4இல் யானை. இரண்டையும் ஒருசேரத் தடுக்க வழியில்லை. வெள்ளைக்கு வெற்றி.

சாவேத்ரா பெரிய ஆட்டக்காரர் இல்லை, சாதாரண அமெச்சூர்தான். இந்த ஒரே ஒரு நகர்வுக்காகத்தான் செஸ் உலகம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ஆடிய இருவரும் விட்டது, பத்தி எழுதியவர் விட்டது. முடிந்ததாக அச்சில் வந்ததை நம்பாமல் மறுபடி பார்த்தவர் கையில் சிக்கியது.

'இப்பதான் எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் இருக்கே' என்பீர்கள். உண்மைதான். 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையிலான முடிவுகளையெல்லாம் கணக்கிட்டு முடித்துவிட்டார்கள். சாவேத்ராவின் நகர்வை இன்று போனே ஒரு நொடியில் சொல்லிவிடும்.

ஆனால் விடை இருப்பதும் அது நமக்குத் தெரிவதும் ஒன்றல்ல. 1970களின் பிற்பகுதியில் கென் தாம்ப்சன் ராணிக்கு எதிராக யானையைப் பிழையின்றி ஆடும் நிரல் ஒன்றை எழுதினார். ராணிக்கு வெற்றி என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் பந்தயம் கட்டி ராணியோடு உட்கார்ந்தார். ஐம்பது நகர்வுக்குள் ஜெயிக்க முடியவில்லை. தோற்ற ஆட்டத்தை வீட்டில் வைத்துப் படித்தார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை ஜெயித்தார், சரியாக ஐம்பதாவது நகர்வில்.

கிராண்ட்மாஸ்டருக்கே அந்த கதி என்றால் நானெல்லாம் எம்மாத்திரம்?

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த அன்று கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. எந்த இடத்தில் என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன் என்று முதலில் ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். மறுநாள்தான் இயந்திரத்திடம் கேட்கிறேன். நகர்வு தப்பு என்று அது சொல்லும். அந்த நேரத்தில் நான் ஏன் அதை ஆடினேன் என்று அதற்குத் தெரியாது. என் ஆட்டம் கொஞ்சமாவது தேறியிருந்தால் அது அந்தப் பின்பக்கக் குறிப்புகளால்தான்.

அந்த மாவட்டப் போட்டித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே ½ என்று போட்டிருக்கிறேன். பின்பக்கம் பென்சிலில் ஒரே வரி: "யானை எஃப்4. பசிச்சது, பாக்கல."