விண்கலமும் மூலதனமும்: பலாங்கொடையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் ஆக்கிய 'இராவணா-1' செய்மதி, 2019 ஏப்ரல் 17இல் தனியார் நிறுவனமொன்றின் சிக்னஸ் கலத்திலேறி விண்ணடைந்தது. தனியார் முயற்சியின் வெற்றியென இவ்வளர்ச்சி போற்றப்படுகின்றது. ஆயின் அதன் தோற்றுவாய் யாது? 2008 டிசெம்பரில் நாசா, சரக்கேற்றுவதற்கென ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி டொலர், சிக்னஸை ஆக்கிய ஓர்பிட்டலுக்கு 190 கோடி டொலர் என ஒப்பந்தம் அளித்தது. சந்தைக்கு முன்னரே அரசு வாடிக்கையாளராயிற்று.

பலாங்கொடைத் தோட்டங்களை அறிந்தார்க்கு இது புதிதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கி, துரைமாருக்கு மலிவாக விற்க வழிசெய்தது. 1970களில் தேசியமயமான தோட்டங்களின் முகாமை 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. காணி அரசினது, இலாபம் கம்பனியினது. லயத்துக் கூரை எவர் பொறுப்பென்பதோ தீராத வழக்கு!

2025இல் ஸ்டார்லிங்க் இலங்கையிற் சேவை தொடங்கியது. மலையுச்சிக்கும் இனி அலை எட்டும். அவ்வேளை தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய்.