கம்போடியா: பழைய பழியும் புதிய பதவியும்

கொடுங்கோல் வீழ்ந்த நாடுகளிலெல்லாம் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். அக்கொடுங்கோலின்கீழ்ப் பணியாற்றியோர் யாவர்? அவருள் பின்னாளில் ஆட்சிப்பீடத்தில் அமர்ந்தோர் அன்று என்ன செய்தனர்? இக்கேள்விக்கு நேரிய விடை காணாமலே நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்த நாடு கம்போடியா. அந்நாட்டில் மாண்டவருள் பல்லாயிரவர் சாம் முஸ்லிம்கள். ஆதலின் அந்த வழக்கைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நமக்குக் கடமையாகும்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றினர். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாமியப் படை அந்நகரில் நுழைந்தபோது அவர்தம் ஆட்சி முடிந்தது. இடைப்பட்ட காலம் நான்காண்டுகூட நிரம்பவில்லை. ஏறத்தாழ 78 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், பசியாலும் நோயாலும் கட்டாய உழைப்பாலும் கொலையாலும் 17 லட்சம் பேரேனும் மடிந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கணக்கு.

சாம் மக்கள் இன்றைய நடு வியட்நாமில் ஆட்சி புரிந்த சம்பா அரசின் வழிவந்தவர்கள். 1471-இல் விஜயா நகர் வீழ்ந்த பின்னர் அவருள் பலர் மேற்கே பெயர்ந்து, மேகாங் ஆற்றங்கரைகளில் குடியேறினர். நம் தமிழ்க் கடற்கரை ஊர்களைப் போலவே அவர்களும் பெரும்பாலும் ஷாஃபியீ மத்ஹபினர். கெமர் ரூஜ் ஆட்சியில் அவர்தம் தொழுகையும் நோன்பும் தடுக்கப்பட்டன. குர்ஆன் பிரதிகள் பறிக்கப்பட்டன. சாம் மொழி பேசுவது குற்றமாயிற்று. பெண்டிரின் முக்காடு களையப்பட்டது. பன்றியிறைச்சி உண்ணுமாறு வற்புறுத்தப்பட்டனர். ஊர்த் தலைவர்களான ஹக்கீம்களும் மார்க்கம் கற்ற பெரியோரும் தேடிக் கொல்லப்பட்டனர்.

இக்கொடுமை பொறாது, 1975 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் க்ரோச் ச்மார் வட்டாரத்துக் கோ ஃபால், ஸ்வாய் க்ளியாங் ஆகிய இரண்டு சாம் ஊர்கள் கிளர்ந்தெழுந்தன. அவர்தம் கையில் இருந்தவை வாளும் கத்தியும். எதிரே நின்றவையோ துப்பாக்கியும் பீரங்கியும். கோ ஃபால் தரைமட்டமாக்கப்பட்டது. எஞ்சியோர் பல திசைகளுக்குச் சிதறடிக்கப்பட்டனர். சாம் மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து அனுப்பும் திட்டத்தைப் பற்றி, கிழக்கு மண்டலத்திலிருந்து போல் போட்டுக்கு 1975 நவம்பர் 30 அன்று சென்ற தந்தி இன்றும் ஆவணமாக உள்ளது. மாண்ட சாம்களின் தொகையில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. பென் கியர்னன் 90,000 என்பார். சாம் இனத்தவரான ஆய்வாளர் யூசா உஸ்மான் நான்கு அல்லது ஐந்து லட்சம் என்பார். தண்டனை எனப் பொருள்படும் ‘உகூபா’ என்னும் அரபுச் சொல்லையே அவர் தம் நூலுக்குப் பெயராக இட்டார்.

இனி, வழக்கின் முடிச்சுக்கு வருவோம். அக்கிளர்ச்சி நடந்த வட்டாரம் கிழக்கு மண்டலத்தின் 21-ஆம் பகுதியைச் சேர்ந்தது. 1979-இல் புதிய ஆட்சியை அமைத்தோருள் முன்னின்ற பலர் அதே கிழக்கு மண்டலத்தில் கெமர் ரூஜ் பொறுப்பாளராக இருந்தவர்கள். ஹெங் சாம்ரின் படைத்தலைவர். சியா சிம் மாவட்டச் செயலாளர். ஹுன் சென் 21-ஆம் பகுதிப் படையின் இளந்தளபதிகளுள் ஒருவர். ஹுன் சென் 1977 ஜூனிலும் மற்றிருவர் 1978-லும் போல் போட்டின் களையெடுப்புக்கு அஞ்சி வியட்நாமின் பக்கம் சென்றனர். பின்னர் ஹுன் சென் 1985 முதல் 2023 ஆகஸ்டு வரை பிரதமர் பதவி வகித்தார். அதன்பின் அப்பதவி அவர் மகனைச் சேர்ந்தது. அவர் 2024-இல் செனட் சபையின் தலைவரானார்.

1975-இல் சாம் கிளர்ச்சியை அடக்கியதில் ஹுன் சென்னுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று மனித உரிமை அமைப்பான ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ 2015 அறிக்கையில் எழுதிற்று. அவர் அதனை மறுத்துள்ளார். அக்காலத்தில் மேலிடத்துக் கட்டளைக்குத் தாம் கீழ்ப்படிவதையே நிறுத்திவிட்டதாகக் கூறுகிறார். ஒரு சாரார், தப்பி ஓடியவர் குற்றமற்றவர் என்பர். மறுசாரார், அங்கிருந்தவர் குற்றவாளி என்பர். இரண்டும் அவசர முடிவுகளே. ஒருவர் ஓடினார் என்பது அவர் அவ்வாட்சியை விட்டுப் பிரிந்தார் என்பதற்குச் சான்று; அதற்கு முன் அவர் என்ன செய்தார் என்பதற்கு அது சான்றாகாது. அவ்வாறே, ஓரிடத்தில் பதவி வகித்தார் என்பது அவ்விடத்தில் நிகழ்ந்த ஒவ்வொரு கொலைக்கும் அவரே காரணர் என்பதை நிலைநாட்டிவிடாது.

மற்றொரு வழக்கு நெடுங்காலம் வெளிநாட்டமைச்சராக இருந்த ஹோர் நம்ஹோங்கைப் பற்றியது. வெளிநாடுகளில் பணியாற்றித் திரும்பிய தூதர்களையும் படித்தவர்களையும் கெமர் ரூஜ் ஆட்சியினர் போயெங் த்ராபெக் முகாமில் அடைத்தனர். அங்கே அவர் ஆட்சியாளருக்கு உடந்தையாயிருந்தார் என்பது குற்றச்சாட்டு. தாமும் அம்முகாமின் கைதியே என்பது அவர் மறுமொழி. எதிர்க்கட்சித் தலைவர் சம் ரெயின்சி 2008-இல் இக்குற்றச்சாட்டை எழுப்பியதும், அமைச்சர் பிரான்சிலும் தம் நாட்டிலும் அவதூறு வழக்குத் தொடுத்தார். பிரான்சின் கீழ்மன்றங்கள் அமைச்சர் பக்கம் தீர்த்தன. 2011 ஏப்ரலில் அந்நாட்டின் மேல்மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதே மாதத்தில் புனோம் பென் நீதிமன்றம் ரெயின்சிக்கு ஈராண்டுச் சிறை விதித்தது. 2015 நவம்பரில் அத்தண்டனையைக் காட்டியே பிடியாணை பிறந்தது. வெளிநாட்டிலிருந்த அவர் திரும்பவில்லை. அவதூறு வழக்கில் ஆராயப்படுவது பேசியவரின் பேச்சு. முகாமில் மாண்டவரைப் பற்றிய உண்மை அங்கே ஓரத்தில் நின்றுவிடுகிறது.

குற்றம் சாட்டியோர் தரப்பும் கறையற்றதன்று. சிஹனூக் மன்னரின் கட்சி 1982-இல் கெமர் ரூஜுடனேயே கூட்டணி அமைத்தது. அக்கூட்டணி ஐ.நா. சபையில் கம்போடியாவின் இடத்தை வகிக்க, மேலை நாடுகளும் ஆதரவளித்தன. சம் ரெயின்சியும் அக்கட்சியில் இருந்து வந்தவரே. 2013-இல் எதிர்க்கட்சித் துணைத்தலைவர் கெம் சோகா, துவோல் ஸ்லெங் சிறைச்சாலை வியட்நாமியரின் புனைவு என்று கூறியதாக ஓர் ஒலிப்பதிவு வெளிவந்தது. அது திரித்து அமைக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். அச்சிறையிலோ 12,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டது ஆவணங்களால் உறுதிப்பட்ட செய்தி. அரசு உடனே, 2013 ஜூனில், கெமர் ரூஜ் குற்றங்களை மறுப்போருக்கு ஈராண்டு வரை சிறை என்று சட்டம் இயற்றியது. 2025-இல் அத்தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்தது. இவ்வாறு இரு தரப்பாரின் கையிலும் இறந்தவர்கள் தேர்தல் ஆயுதமாயினர்.

இத்தகைய வழக்கை அணுகுவதற்கு நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஒரு கலை துணை செய்யும். ஹதீஸ் அறிவிப்பாளரின் தகுதியை ஆராயும் ‘ஜர்ஹு-தஃதீல்’ என்னும் கலை அது. ஒருவரைக் குறை கூறுவோர் அதற்குக் காரணத்தை விளக்கிக் கூறவேண்டும். நல்லவரெனப் பெயர் பெற்றவர்மீது விளக்கமற்ற பழியை அறிஞர் எளிதில் ஏற்பதில்லை. ஒரே காலத்துப் போட்டியாளர் ஒருவர்மீது ஒருவர் கூறும் குறையை மேலும் எச்சரிக்கையோடு நோக்குவர். அதே வேளையில், உரிய சான்றோடு வரும் குறையை, ஆளின் பெருமை கருதி மூடி மறைப்பதும் இல்லை. எவருடைய நிலை அறியப்படவில்லையோ அவரை ‘மஜ்ஹூல்’ எனக் குறித்து, நல்லவரென்றோ தீயவரென்றோ தீர்க்காமல் நிறுத்துவர். அரசியல்வாதியின் பழைய நாட்களையும் இவ்வளவு நிதானத்தோடு ஆராய்தல் வேண்டும். அதற்கு முதல் தேவை, சாட்சிகள் அச்சமின்றிப் பேச ஓர் அவை.

அத்தகைய அவை கம்போடியாவில் அமையாமல் இல்லை. 1998 டிசம்பரில், பழையதைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்ற கருத்தில் பேசியவர் ஹுன் சென். எனினும் 2003-இல் ஐ.நா.வோடு உடன்பாடு கண்டு, 2006-இல் தனி நீதிமன்றம் பணி தொடங்கியது. ஆனால் அதன் அதிகாரம் உயர் தலைவர்களுக்கும் பெரும்பொறுப்புடையோர்க்கும் மட்டுமே என வரையறுக்கப்பட்டது. 2009-இல் ஹெங் சாம்ரின், சியா சிம், ஹோர் நம்ஹோங் உள்ளிட்ட ஆறு பெருந்தலைவர்களைச் சாட்சி கூற வருமாறு அயல்நாட்டு விசாரணை நீதிபதி அழைத்தார். அழைப்பு குற்றவாளிகளாக அன்று; சாட்சிகளாக மட்டுமே. எவரும் வரவில்லை. 2010 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலாளரிடம், புதிய வழக்குகளுக்கு இடமில்லை என்று ஹுன் சென் தெரிவித்தார்.

2018 நவம்பரில் நுவான் சியா சாம் மக்கள்மீது இனப்படுகொலை புரிந்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியுமுன்பே, 2019 ஆகஸ்டில் அவர் இறந்தார். கம்பொங் சாம் பகுதியில் சாம்களைக் கொன்றழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆவோ ஆன் மீதான வழக்கு, உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் கருத்து வேறுபட்டமையால் விசாரணைக்கே வராமல் 2020-இல் கைவிடப்பட்டது. 2022 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு வழங்கிய அந்நீதிமன்றம், தண்டித்தவர் மூவரே.

சாட்சிக்கு அழைக்கப்பட்டோர் வந்திருந்தால் என்ன இழந்திருப்பர்? குற்றமற்றவராயின், தம்மேல் படிந்த ஐயத்தை நீதிமன்றத்தின் வாயிலாகவே களைந்திருப்பர். குற்றமுடையவராயின், மாண்டவரின் மக்களுக்கு நீதி கிடைத்திருக்கும். அவர்கள் வாராமையால் இரண்டும் நிகழவில்லை. அவதூறு வழக்கால் பெற்ற வெற்றியும் சட்டத்தால் வாய்மூடச் செய்த அமைதியும் ஒருவரது நற்பெயருக்குச் சான்றாகமாட்டா. அவர்களை நாமும் குற்றவாளி என்று எழுதக்கூடாது. குற்றமற்றவர் என்றும் எழுத இயலாது. விசாரணைக்கு வழியிருந்தும் அது நடைபெறவில்லை என்பதே வரலாறு பதிவு செய்யவேண்டிய உண்மை.

கோ ஃபால் என்னும் அவ்வூரை அழித்தபின், கெமர் ரூஜினர் அதற்குச் ‘சாம்பல் தீவு’ எனப் பொருள்படும் வேறு பெயரிட்டனர். அன்றைய நாட்களைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதியோராய் உள்ளனர். நீதிமன்றம் மூடப்பட்டபின் அவர்தம் வாய்மொழியே எஞ்சிய சாட்சியம். ஆண்டுதோறும் அவர்கள் தொகை குறைகிறது. எக்கட்சிக்கு அது பயன்படும் என்று நோக்காமல், ஒவ்வொருவரின் சொல்லையும் பெயரும் ஊரும் நாளும் குறித்து எழுதிவைக்க வேண்டும். யூசா உஸ்மான் போன்றோர் தொடங்கிய அப்பணி அவர்களோடு நின்றுவிடலாகாது.