ரோவர் கே-வரிசை எஞ்சினும் ஹெட் கேஸ்கெட்டும்

கே-வரிசை என்பது இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் 1989-ல் அறிமுகப்படுத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பர்மிங்காம் நகரை ஒட்டிய லாங்பிரிட்ஜ் ஆலையில் தயாரானது. எடை குறைவு, எரிபொருள் சிக்கனம் என்று முதலில் பாராட்டப்பட்ட இந்த எஞ்சின், பின்னாளில் ‘ஹெட் கேஸ்கெட் போகும் எஞ்சின்’ என்ற பெயரையே பெற்றது. பழுது பார்த்த பட்டறைகள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. சூடேறி வளைந்த சிலிண்டர் ஹெட்டை இழைத்துச் சமப்படுத்திய பிறகு எந்தக் கேஸ்கெட்டைப் போடுவது? கேஸ்கெட் மட்டும் மாறினால் போதுமா?

ஹெட் கேஸ்கெட் என்பது சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு. நம் பட்டறைகளில் இதை ‘ஹெட் பேக்கிங்’ என்பார்கள். எரியும் வாயுவின் அழுத்தம், அழுத்தத்தில் ஓடும் எண்ணெய், சூடான கூலன்ட் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது இதன் வேலை. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பாக இருந்த காலத்தில் செப்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கெட்டே இதற்குப் போதுமானதாக இருந்தது. இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்கும். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும் மென்மையான நடுப்பகுதி அதை நிரப்பிக்கொள்ளும். அலுமினியம் வந்தபின் கணக்கு மாறியது. ஒரே வெப்ப உயர்வுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது.

கே-வரிசையில் ஹெட்டும் பிளாக்கும் அலுமினியம், சிலிண்டர் லைனர்கள் இரும்பு, போல்ட்டுகள் எஃகு. பத்து நீண்ட போல்ட்டுகள் ஹெட்டின் மேலிருந்து பிளாக்கை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டம் வரை எல்லா அடுக்குகளையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்தன. போல்ட் நீளமாக இருந்தால் ரப்பரைப் போலச் சற்றே நீண்டு கொடுக்கும். அலுமினியம் விரியும்போது அழுத்தம் அளவுக்கு மீறி ஏறாது. இது புத்திசாலித்தனமான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கேஸ்கெட்டின் நலம் இப்போது ஹெட்டின் சமதளத்தை மட்டும் பொறுத்தது அல்ல. லைனர்களின் உயரம், போல்ட்டின் இழுவிசை, எண்ணெய்ச் சட்டத்தின் உறுதி ஆகியவையும் அதில் சேர்ந்துகொண்டன.

தொடக்கத்தில் வந்தவை 1.1, 1.4 லிட்டர் எஞ்சின்கள். 1.4 லிட்டரின் துளை விட்டம் 75 மி.மீ. 1990-களின் நடுவில், பிளாக்கின் வெளி அளவைப் பெரிதாக மாற்றாமலேயே துளையை 80 மி.மீ. ஆக்கி 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்களை உருவாக்கினார்கள். லைனரின் மேல்பகுதி மட்டும் கூலன்டில் நனையும்படி அமைப்பு மாறியது. 1.8 லிட்டர் எஞ்சின் 1995-ல் எம்.ஜி.எஃப். விளையாட்டுக் காரிலும், 1996-ல் லோட்டஸ் எலிஸிலும், 1997-ல் லேண்ட்ரோவர் ஃப்ரீலாண்டரிலும் இடம்பெற்றது. இலேசான எலிஸுக்கும் கனத்த ஃப்ரீலாண்டருக்கும் ஒரே எஞ்சின். தொல்லை எங்கே அதிகமாக இருந்திருக்கும் என்று வாசகர் ஊகிக்கலாம்.

அன்றைய கேஸ்கெட், ஒரு மெல்லிய எஃகுத் தகடு. சிலிண்டர் துளைகளைச் சுற்றி நெருப்பு வளையம், கூலன்ட் மற்றும் எண்ணெய்த் துளைகளைச் சுற்றி ஒட்டப்பட்ட ரப்பர் போன்ற விளிம்பு. எஞ்சினில் இருந்த கூலன்டின் அளவும் குறைவு. தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குள் கூலன்ட் நுழையும் பக்கத்தில் இருந்ததால், அது திறக்கும்போது ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த கூலன்ட் திடீரென உள்ளே பாயும். அப்போது ஹெட்டும் பிளாக்கும் வேறுவேறு வேகத்தில் சுருங்கி ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும். அந்த அசைவில் ரப்பர் விளிம்பு பெயரும். ஹெட்டை இடத்தில் நிறுத்தும் சிறு முளைகள் ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக்காக இருந்தன. பிறகு எஃகு முளைகளுக்கு மாறினார்கள்.

பல வண்டிகளில் முதல் குற்றவாளி கேஸ்கெட்டே அல்ல என்பது இந்த வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி. இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ ஒரு குழாயிலோ கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் கசியும். மொத்த அளவே குறைவு என்பதால் சிறு இழப்பும் பெரிதாகும். கூலன்ட் வற்றிய இடத்தில் இருக்கும் உணரியால் சரியான சூட்டைக் காட்ட முடியாது. ஓட்டுநருக்குத் தெரியவரும்போது ஹெட் வளைந்திருக்கும்.

அடுத்த கட்டம் ‘ஃபேசிங்’, அதாவது ஹெட்டின் அடிப்பரப்பை இயந்திரத்தில் இழைப்பது. புதிய ஹெட்டின் உயரம் 119 மி.மீ. அளவில் இருக்கும், அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மி.மீ., இழைக்கக்கூடியது 0.20 மி.மீ. மட்டுமே. முழு 0.20 மி.மீ. இழைத்தாலும் எரிப்பறையின் கொள்ளளவு ஒரு கன செ.மீ.க்கு மேல் குறையாது. எனவே அமுக்க விகிதத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது உலோகத்தின் கடினத்தன்மை. அளவு மீறிச் சூடான அலுமினியக் கலவை மென்மையாகிவிடும். இழைத்தபின் கண்ணாடிபோல் மின்னும் ஹெட்டிலும் நெருப்பு வளையம் சில மாதங்களில் பள்ளம் பதிக்கும். அத்தகைய ஹெட்டுக்கு எந்தக் கேஸ்கெட்டும் பொருந்தாது. அதை மாற்றுவதே வழி. கடினத்தன்மையைச் சோதிக்காமல் இழைத்துக் கொடுத்த பட்டறைகளால் இரண்டாம் முறையும் பணம் இழந்த உரிமையாளர்கள் உண்டு. பழுதுச் செலவு வண்டியின் விலையை எட்டியதால் நல்ல நிலையில் இருந்த கார்களும் காயலான் கடைக்குப் போயின.

பின்னாளில் லேண்ட்ரோவர் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டைக் கொண்டுவந்தது. வில் போல் மீளும் எஃகுத் தகடுகளில் துளைகளைச் சுற்றி மேடு அழுத்தி, மேலே மெல்லிய பூச்சு கொடுக்கப்பட்ட வகை இது. ஹெட் சற்று நழுவினாலும் இது தாங்கும். ஆனால் அதன் மேடுகள் குறுகிய கோட்டில் அழுத்துவதால், ஹெட்டில் பள்ளம் விழாமலிருக்கக் கூடுதலாக ஒரு காப்புத் தகட்டையும் சேர்த்தார்கள். உறுதியான எண்ணெய்ச் சட்டமும் புதிய போல்ட்டுகளும் அதோடு வந்தன. கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

அப்படியானால் எல்லா எஞ்சினுக்கும் புதிய வகையே சிறந்ததா? அனுபவமுள்ள பழுதுபார்ப்பாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் பார்த்தது லைனர்களை. லைனரின் விளிம்பு பிளாக்கின் மேற்பரப்பைவிட மயிரிழை, ஏறத்தாழ 0.1 மி.மீ., உயர்ந்து நிற்க வேண்டும்; நான்கும் சமமாகவும் இருக்க வேண்டும். அப்படியிருந்து, இழைத்த பரப்பும் மிக வழுவழுப்பாக இருந்தால் பல அடுக்கு எஃகு வகை நன்றாக வேலை செய்தது. லைனர்கள் அமரும் படி தேய்ந்து அவை தாழ்ந்திருந்தால் அந்தக் கேஸ்கெட்டுக்குப் போதிய பிடி கிடைக்காது. அங்கே மேம்படுத்தப்பட்ட ரப்பர் விளிம்பு வகையைப் பலர் தேர்ந்தார்கள். சிலர் லைனர்களையே உயர்த்தினார்கள். ஹெட் கழன்றிருக்கும்போது கிராங்க் ஷாஃப்டைச் சுற்றக் கூடாது என்பதும் இதனால்தான்: பிஸ்டன் லைனரை இழுத்துத் தூக்கிவிடும்.

எம்.ஜி. ரோவர் 2005 ஏப்ரலில் நொடித்துப்போய் லாங்பிரிட்ஜில் உற்பத்தி நின்றது. எஞ்சினின் வடிவுரிமை சீனாவுக்குச் சென்றது. அங்கே திருத்தங்களுடன் வேறு பெயரில் அதன் தயாரிப்பு தொடர்ந்தது.