நிக்காஹ் மேடையும் இன்னிசையும்: அழைத்தவர் கடமை



 



நம் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெயர், வலீ, சாட்சிகள், மஹர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். ஆனால் அதே திருமணத்திற்குப் பாடவும் பைத்து ஓதவும் மேளம் கொட்டவும் ஒலிபெருக்கி கட்டவும் அழைக்கப்படுவோரிடம் பேசியது எங்கும் எழுதப்படுவதில்லை. வாய்ப்பேச்சாகவே தொடங்கி, பல வேளைகளில் மனக்கசப்பாக முடிகிறது. திருமண இசை கூடுமா கூடாதா என்று வாதிடுவதில் நாம் செலவழித்த நேரத்தில், யாரை அழைப்பது, எப்படி அழைப்பது, அழைத்தவருக்கு எவ்வாறு கடமையைத் தீர்ப்பது என்று எண்ணிப் பார்க்க ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. நம் முன்னோர் இதனை எவ்வாறு நடத்தினர் என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நபிகளார் காட்டிய எல்லை

நிக்காஹ் மறைவாக நடப்பதன்று; ஊரறிய நடப்பது. ஹலாலான உறவையும் ஹராமான உறவையும் பிரித்துக் காட்டுவது தஃப் ஒலியும் திருமணத்தில் எழும் குரலுமே என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது. தஃப் என்பது ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டப் பறையாகும். நம் ஊர்களில் பக்கீர்சாக்கள் கையில் தாயிரா என்றும் தப்ஸ் என்றும் நாம் கண்டது இதன் இனமே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மணப்பெண்ணை அன்ஸாரி ஒருவரின் இல்லத்திற்கு அனுப்பி வைத்தபோது, களிப்பூட்டும் எதுவும் உடன் செல்லவில்லையா, அன்ஸாரிகள் அதனை விரும்புவார்களே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ருபய்யிஉ (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தஃப் அடித்து, பத்ருப் போரில் உயிர்நீத்த தம் தந்தையரைப் போற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். அப்போது ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே உள்ளார் என்னும் பொருளில் பாடினாள். பெருமானார் (ஸல்) அவர்கள் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு கூறினார்கள்.

இந்நிகழ்ச்சியில் நமக்குப் பெரும் பாடம் இருக்கிறது. முதலில் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டது சொல். மத்ஹபுடைய இமாம்களில் பெரும்பாலோர் திருமணத்தில் தஃபை அனுமதித்து, நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் விலக்கினர். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் வேறு கருத்துக் கொண்டனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி நுணுகி ஆராய்ந்தார்கள். அந்தக் கருத்து வேற்றுமையை இங்கே தீர்த்துவைப்பது நம் நோக்கமன்று. பாடலின் பொருளைக் கேளாமல் பாடகரை அழைப்பது எக்கருத்தினருக்கும் உகந்ததன்று என்பது மட்டும் ஈண்டு போதும்.

நம் மண்ணின் பழைய வழக்கம்

நம் பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் இசையைப் போற்றிய பழமை மாறவில்லை. முதலாம் இராசேந்திரன் தலைநகராக அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அவன் தந்தை முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று இங்கு எண்ணத்தக்கது. தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் பங்கும் அதில் எழுதி வைக்கப்பட்டன. பாடுவோர், கொட்டுவோர் முதலியோரின் பங்குகளும் அவ்வாறே பதிவாயின. அக்கோயில் வழிபாடு நம் மார்க்கத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும், கலைஞருக்கு உரியது இன்னதென்று ஓர் அரசன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினான் என்னும் செய்தி, ஒரு தாளிலேனும் எழுதத் தயங்கும் நம்மை வெட்கப்பட வைக்கிறது.

நம் முஸ்லிம் ஊர்களில் அத்தகைய கல்வெட்டு இல்லை, வழக்கம் இருந்தது. மணமகன் ஊர்வலத்தின் முன்னே பைத்து ஓதிச் செல்வோர் பெரும்பாலும் அவ்வூர் மக்களே. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளும், குரல் வளமுள்ள பெரியவர்களும் சேர்ந்து பைத்து சபையாக அமைந்தனர். பக்கீர்சாக்கள் தாயிரா கொட்டி நபிமார் வரலாறுகளையும் இறைநேசர் புகழையும் பாடினர். ரமளான் இரவுகளில் ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாய் வந்து நம்மை எழுப்பியவர்களும் அவர்களே. வீட்டினுள்ளே பெண்கள் மருதாணி இரவில் நலங்குப் பாட்டும் வாழ்த்துப் பாட்டும் பாடினர். அதற்குக் கூலி இல்லை. வெற்றிலை பாக்கும் இனிப்பும் உண்டு.

இவ்வாறு பாடியவர் ஊராருக்குத் தெரிந்தவர். அவர் என்ன பாடுவார் என்பதும் தெரிந்தது. திருமண வீட்டார் மோதினாருக்கும் பக்கீருக்கும் கொடுக்க வேண்டியது வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. கொடாமல் விட்டால் ஊர் கேட்கும். எழுத்து இல்லாமலேயே நீதி நடந்ததற்குக் காரணம் இந்த நெருக்கமே ஆகும்.

புலவரும் பாடகரும்

தமிழ் முஸ்லிம்களின் மணவிழாக்களுக்கு இலக்கியச் செல்வமும் குறைவில்லை. 1572-இல் அரங்கேறிய ஆயிரம் மசலா தொடங்கி, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனப் பலவகைப் பாடல் இலக்கியங்களை நம் புலவர்கள் யாத்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களைக் கொண்டது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் திருமணத்தையும், அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தையும் உமறு தனித்தனிப் படலங்களாகவே பாடியுள்ளார். மணவீட்டில் பாட நல்ல சொல் இல்லை என்று தமிழ் முஸ்லிம் எவரும் கூற இயலாது.

20ஆம் நூற்றாண்டில் இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்தன. பைத்து சபையின் இடத்தில் மேடைக் கச்சேரி இடம்பெறலாயிற்று. அக்காலத்தின் பெருங்குரல் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களுடையது. 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் மறைந்த அவர்கள், திருமண வீடுகளிலும் கந்தூரி மேடைகளிலும் மீலாது விழாக்களிலும் பாடினார்கள். இறைவனிடம் கையேந்துங்கள் என்னும் அவர்களின் பாடல் மதம் கடந்து தமிழகம் எங்கும் ஒலித்தது. தங்கள் வீட்டு மணவிழாவில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லும் வந்திருக்கும் மாற்று மத அன்பருக்கும் விளங்க வேண்டும் என்று விரும்பியோருக்கு அது பெரும் வாய்ப்பாக அமைந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளும் இத்தகைய பாடல்களைக் கடல் கடந்து நம் வீடுகளுக்குக் கொண்டு வந்தன.

நாகசுரத்தையும் இங்கு மறத்தல் ஆகாது. ஆந்திர மாநிலம் கரவதியில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள், தஞ்சைப் பாணியைக் கற்கும் ஆர்வத்தால் தமிழகம் வந்து, நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார்கள். 1977-இல் பத்மஸ்ரீ விருதும், 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்று, 1999-இல் காலமானார்கள். அவர்களின் கலை பற்றி மார்க்க அடிப்படையில் கருத்து வேறுபாடு கொள்வோர் நம்மில் உண்டு. எனினும், மாற்று மதத்தார் தங்கள் மங்கல நிகழ்ச்சிக்கு ஒரு முஸ்லிமை மரியாதையோடு அழைத்து முன்வரிசையில் நிறுத்தினர் என்னும் உண்மை, அழைக்கப்படுவோரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்று நம்மை நாமே கேட்கச் செய்கிறது.

தெரிந்தவர் போய், தெரியாதவர் வந்த காலம்

1970-களுக்குப் பின் லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் முதலிய நம் பகுதி ஊர்களிலிருந்து இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். டேப் ரெக்கார்டரும் ஒலிநாடாக்களும் வந்தன. வீட்டு வாசலில் பந்தலிட்டு நடந்த நிக்காஹ் மண்டபத்திற்குப் போயிற்று. மணநாளை விடுமுறைக் கணக்கு முடிவு செய்தது. எல்லாவற்றையும் விரைந்து ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தமையால், இசையும் சமையலைப்போல் தொலைபேசியில் பேசி முடிக்கும் ஒப்பந்தமாயிற்று. மெல்லிசைக் குழு, பேண்டு வாத்தியம், செண்டை மேளம், டி.ஜே. என்று பட்டியல் நீண்டது.

இதனால் இரு மாற்றங்கள் நேர்ந்தன. என்ன பாடப்போகிறார்கள் என்பது அழைத்தவருக்கே தெரியாமற் போயிற்று. அடுத்து, செலவு பெண் வீட்டார் தலையில் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் விரும்பும் குழுவுக்குப் பெண்ணைப் பெற்றவர் பணம் கட்டும் நிலை, கைக்கூலியின் மற்றொரு முகமே அன்றி வேறில்லை.

நாம் கண்ட ஒரு நள்ளிரவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வலீமா விருந்து. அழைத்து வரப்பட்ட குழுவினரை ஒன்பது மணிக்கு முடித்துக்கொள்ளச் சொல்லி அழைத்திருந்ததாக ஒரு தரப்பார் கூறினர். பதினொன்று வரை என்று மறுதரப்பார் கூறினர். இஷாத் தொழுகைக்குப் பின்னர் தொடங்கிய நிகழ்ச்சியில், யாரோ கேட்ட திரைப்பாடல் ஒன்றைக் குழுவினர் பாட, பெரியவர்கள் சினந்து நிறுத்தச் செய்தனர். பாட்டு நின்றது. அதனைக் காரணம் காட்டி மீதித் தொகையையும் நிறுத்திவிட்டனர்.

நள்ளிரவு கடந்து நம்மை அழைத்தார்கள். மண்டபத்தின் வெளிப்படியில் தபேலாக் கலைஞர் தம் கருவியைத் துணியில் சுற்றி மடியில் வைத்து அமர்ந்திருந்தார். வண்டிக்காரர் வாடகை கேட்டு நின்றார். உள்ளே, பாடுவது ஹராம், அதற்குக் கூலி எதற்கு என்று ஒருவர் நம்மையே சாட்சிக்கு அழைத்தார். ஹராம் என்று கருதியிருந்தால் அழைத்திருக்கக் கூடாது; அழைத்து, பாட வைத்து, கேட்ட பின்னர் மார்க்கத்தைத் துணைக்கு இழுப்பது மார்க்கமன்று என்று நாம் கூறினோம். உழைத்தவருக்கு வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை நினைவூட்டினோம். பெண்ணின் தந்தையே தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குழுவை வரவழைக்க விரும்பியவர் அவர் அல்லர். அவர் எண்ணிய நோட்டுகளின் ஓசை இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அன்று பிழை இசையில் இல்லை. சொல்லை வரையறுக்காமல் அழைத்ததில் இருந்தது.

எழுதிக் கொள்ளுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சி வைக்குமாறும் அது கட்டளையிடுகிறது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதன் கருத்து. முன்பணம் கொடுத்து மீதியைப் பின்னர் தருவதாகப் பேசும் கச்சேரி ஒப்பந்தமும் தவணைக் கடன்தானே!

எனவே எவரையேனும் அழைக்க விரும்புவோர் நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதி இருதரப்பும் ஒப்பமிடுதல் நலம். பாடப்படும் பாடல்கள் எவை, மேடையில் வந்து கேட்போருக்குப் பாடலாமா கூடாதா என்பது முதலாவது. தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும், பாங்கு மற்றும் தொழுகை வேளைகளில் நிறுத்துவதும் இரண்டாவது. மொத்தத் தொகை, முன்பணம், மீதியைக் கொடுக்கும் வேளை, வண்டி வாடகையும் உணவும் யார் பொறுப்பு, நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன செய்வது என்பன மூன்றாவது. பணம் கொடுப்பவர் யார் என்பது நான்காவது. இந்நான்காவதை வெளிப்படையாக எழுதும்போது பெண் வீட்டார் மீது சுமத்துவதற்குப் பலர் நாணுவர்.

நாட்டின் சட்டமும் அறியத்தக்கது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அண்டை வீட்டில் நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் இருப்பர். அவர்களின் உறக்கமும் அமைதியும் அண்டை வீட்டாரின் ஹக்காகும். மேலும், திருமணத்தில் பாடும் பாடல்களுக்குப் பதிப்புரிமைத் தொகை என்று எவரேனும் தனியே கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திருமண ஊர்வலத்திற்கும் அதனைச் சார்ந்த நிகழ்ச்சிகளுக்கும் விலக்களித்துள்ளது. மத்திய அரசு 2023-இல் இதனை மீண்டும் தெளிவுபடுத்தியது.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! இசையே வேண்டாம் என்று எளிமையாக நிக்காஹ் முடிப்போர் பரக்கத்தான வழியில் செல்கின்றனர். அவர்களை நாம் வாழ்த்துகிறோம். வேண்டும் என்போர், நம் ஊரிலேயே பைத்து ஓதத் தெரிந்த முதியவர்கள் சிலர் எஞ்சியிருப்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். அவர்களை அழைத்து, அவர்களிடம் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளச் செய்தால், அழைக்கும் குரல் மீண்டும் தெரிந்த குரலாக இருக்கும். வெளியூர்க் கலைஞரை அழைப்பின், அவர் எம்மதத்தவராயினும் நம் விருந்தினர். நாம் உண்ணும் பந்தியிலேயே அவரும் உண்ணட்டும்.

நிக்காஹ் விண்ணப்பத்துடன் இத்தகைய ஒப்பந்தத் தாள் ஒன்றையும் ஜமாஅத் அலுவலகத்தில் வழங்குவது குறித்து, எதிர்வரும் பொதுக்குழுவில் முத்தவல்லி அவர்களும் நிர்வாகப் பெருமக்களும் ஆலோசிக்க வேண்டுமென்பது நம் பணிவான கோரிக்கை. கட்டாயம் வேண்டாம், தாள் கையில் இருந்தால் கேள்வி தானே எழும்.

மணமேடையில் மகிழ்வோரின் ஓசையோடு, உழைத்தோரின் மனக்குறையும் வானம் எட்டாதவாறு வல்ல ரஹ்மான் நம்மைக் காத்தருள்வானாக! நம் மக்களின் இல்லறங்களில் அன்பையும் பரக்கத்தையும் பொழிவானாக! ஆமீன்.