அரக்கும் பிலிமும் சிறுதேரும் கைலியும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும் செப்பேடும் கோட்டையும் கோபுரமுமே. அரசர் வென்றதும் தோற்றதும் கல்லில் நின்றன. ஆயின், உழுது களைத்த ஒருவன் மாலையில் எந்தப் பாட்டைக் கேட்டான், அவன் குழந்தை எதனை உருட்டி விளையாடியது, வீடு திரும்பியதும் அவன் எதனை உடுத்தினான் என்பவற்றைக் கல்லில் பொறிப்பார் இல்லை. மக்கள் வாழ்வின் பெரும்பகுதி இவ்வாறு எழுதப்படாத பொழுதுகளிலேயே கழிந்தது. அப்பொழுதுகளுக்குச் சான்று கூறவல்லவை பழைய இசைத்தட்டு, பழைய திரைப்படச் சுருள், உழவர் வீட்டு விளையாட்டு வண்டி, அன்றாடம் அணியும் எளிய ஆடை ஆகிய சில்லறைப் பொருள்களே. இந்நான்கின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குவோம்.

இதனை ஆராய்வதற்கு அந்தமானைச் சேர்ந்த பாராடாங் தீவு பொருத்தமான இடம். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே, அலையாத்திக் காடுகள் சூழக் கிடப்பது இத்தீவு. சேறு கக்கும் குமிழ்களையும் சுண்ணாம்புக் குகைகளையும் காணவே பிறர் இங்கு வருகின்றனர். ஆனால் இங்கு வாழும் குடிகளின் கதை அக்குகைகளினும் சுவையுடையது. காட்டு வேலைக்கென 1918 முதல் ராஞ்சிப் பகுதியினின்று அந்தமானுக்கு அழைத்து வரப்பட்ட ஓராவோன், முண்டா, கரியா மக்களின் வழியினர் இத்தீவில் மிகுதி. வங்காளியரும் தமிழரும் பிறரும் அவர்களோடு கலந்து வாழ்கின்றனர். கப்பலேறி வந்த குடியேறிகள் கொண்டுவந்த பெட்டி சிறியது. நிலமும் வீடும் பெட்டிக்குள் அடங்கா. பாட்டும் துணியும் குழந்தையின் பொம்மையுமே அடங்கும். ஆதலின், தீவு மக்களுக்குப் பழம்பொருள் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு பொருளேயாகும்.

முதலில் இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலை அயல்நாட்டு ஒலிப்பதிவாளர் பதிவு செய்தனர். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரைத்தார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாயின. பாடியவர் யார் என்பதை அங்குள்ள தொழிலாளர் அறிய வேறு வழியில்லை. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. அதன்பின் சிற்றூர்களின் திருமணப் பந்தல் வரைக்கும் கிராமபோன் சென்று சேர்ந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் விரித்துப் பாடிப் பழகிய வித்துவான்கள் இராகத்தையும் கீர்த்தனையையும் அச்சிறு காலத்துள் அடக்கக் கற்றனர்.

அத்தட்டு எதனாலானது? அரக்கினால். புரசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதனைத் தூய்மை செய்து, கற்பொடியும் கரியும் கூட்டி, சூடேற்றி அழுத்தினால் இசைத்தட்டு பிறக்கும். உலகின் பல நாடுகளும் இந்திய அரக்கையே நாடின. அவ்வரக்கு மிகுதியாக விளைந்த நிலமோ ராஞ்சியை உள்ளிட்ட சோட்டா நாகபுரி. இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் 1924-இல் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்குமில் நிறுவப்பட்டதற்குக் காரணமும் இதுவே. அரக்குத் திரட்டல் அப்பகுதிப் பழங்குடியினரின் வருவாய்களுள் ஒன்று. அம்மக்களின் ஒரு கிளை பாராடாங்கில் வேரூன்றியது. அவர்கள் தாய்மண்ணின் அரக்கோ உலகெங்கும் பாடியது. இசையின் வரலாற்றில் பாடகரின் பெயர் இருக்கிறது. மரமேறி அரக்குத் திரட்டியவரின் பெயர் இல்லை.

இத்தட்டுகள் காத்துத் தந்த செல்வத்துக்கு ஒரு சான்று கூறலாம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையில் தமிழகத்தைக் கவர்ந்தவர். 1906-இல் பிறந்து, 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பேசும் படங்கள் தமிழில் தோன்றியபோது அவர் உயிரோடிருந்தும் எப்படத்திலும் நடித்தாரில்லை. அவர் நாடகங்களைக் கண்டவர்களும் இன்று இல்லை. அக்குரல் நமக்குக் கேட்பதற்கு ஒரே காரணம், எவரோ சிலர் தம் வீட்டுத் தட்டுகளை உடையாமல் வைத்திருந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மேலை நாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதிய தட்டுகள் செய்தனர். புதிய பாட்டுப் பிறப்பதற்குப் பழைய பாட்டு மாய்ந்தது என்று அதனைச் சொல்லலாம்.

திரைப்படத்தின் கதி இதனினும் இரங்கத்தக்கது. கார் உதிரிப்பொருள் வணிகம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த கீசக வதம், தென்னாட்டின் முதல் ஊமைக் கதைப்படம் எனப்படுவது. அதன் பிரதி இன்று இல்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த காளிதாஸ், தமிழ் பேசிய முதற்படம். எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படமும் மறைந்தது. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 ஊமைப் படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதைச் சுற்றியே இருக்கும். அவற்றுள்ளும் பல துண்டுகளே.

இவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. 1950-களின் தொடக்கம் வரையில் வழங்கிய பிலிம் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப் பொடியாகும். அதன் மேற்பூச்சில் வெள்ளி கலந்திருந்தமையால், ஓடி முடிந்த படத்தை வெள்ளிக்காக உருக்குவதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, ஓடி முடிந்த படத்தைச் சேமித்து வைக்கவேண்டும் என்னும் எண்ணமே எவருக்கும் எழவில்லை. 1933-இல் எடுக்கப்பட்ட மார்த்தாண்ட வர்மா என்னும் ஊமைப்படம் பிழைத்த விதம் வியப்பானது. மூல நாவலின் உரிமை பற்றி வழக்கு எழுந்து, படம் திரையிடப்படுவது நின்றது; பிரதி திருவனந்தபுரத்துப் புத்தக நிலையம் ஒன்றில் முடங்கியது. பல்லாண்டுகள் கழித்து, 1964-இல் புணேயில் தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-இல் அதனைப் பெற்றது. ஊர் ஊராக ஓடிய படங்கள் அழிந்தன. ஓட முடியாமற்போன படம் வாழ்ந்தது.

இனி விளையாட்டு வண்டி. சிந்துவெளியில் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண்ணாலான சிறு மாட்டு வண்டிகளும், கயிற்றை இழுத்தால் தலையசைக்கும் காளைகளும் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உழவனின் வண்டி மக்கிப் போயிற்று. அவன் குழந்தையின் வண்டி எஞ்சியது. அந்நாளைய வண்டியின் அமைப்பை அறிய ஆராய்ச்சியாளர்க்குத் துணையாவது அவ்விளையாட்டுப் பொருளே. நம் சங்கப் பாட்டுகளிலும் இச்சிறுதேர் உருண்டு வருகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர் செய்த, ஏறிச் செல்ல இயலாத சிறுதேரை உருட்டிக் களைத்துப் பாலுண்டு உறங்கும் குழந்தைகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பட்டினப்பாலையோ மூன்று காலுடைய சிறுதேரைக் கூறுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவமே. வடமொழியில் சூத்திரகர் இயற்றிய நாடகத்துக்கு ஒரு மண்வண்டியே பெயர் தந்தது. அதனைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் மண்ணியல் சிறுதேர் எனத் தமிழாக்கினார்.

நுங்கை உண்டபின் எஞ்சும் கூந்தலை இரண்டு சக்கரமாக்கிக் குச்சியிற் கோத்து ஓட்டும் வண்டி, தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் அறிந்தது. மைசூர் நாட்டுச் சென்னப்பட்டணத்திலோ வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பளபளப்பேற்றிப் பொம்மை செய்வர். இங்கும் அரக்கே வருகிறது. பெரியோர்க்குப் பாட்டாக ஒலித்த அப்பிசின், குழந்தைக்குப் பொம்மையின் நிறமாக ஒளிர்ந்தது.

நான்காவது, எளிய ஆடை. கைலி என்னும் கட்டம் போட்ட துணியை வீட்டு உடை என்று நாம் எண்ணி ஒதுக்குகிறோம். அதன் பயணமோ பெரிது. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணி, மலாய் மக்களிடையே இன்றும் அவ்வூரின் பெயராலேயே பெலிக்காட் எனப்படுகிறது. ஊரின் துறைமுகம் தூர்ந்து புகழ் குன்றியபின்னும், அதன் பெயர் அயலார் இடுப்பில் வாழ்கிறது. சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அளித்த நன்கொடையில் துணிப்பொதிகளும் இருந்தன. அவற்றை விற்ற பணம் அக்கல்லூரிக்கு உதவியது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாரி மக்கள், சென்னைக் கட்டத் துணியில் சில இழைகளை வெட்டி நீக்கிப் புதிய கோலங்களை உண்டாக்கி, அதனைத் தம் சடங்குகளுக்குரிய உடையாக்கினர். 1950-களின் இறுதியில் அதே துணி அமெரிக்காவில் சட்டையாயிற்று. துவைத்தால் சாயம் கசிகிறது என்று வாங்கியவர் குறை கூற, வணிகர் அக்கசிவையே சிறப்பு என விளம்பரம் செய்து விற்றனர். இத்தனைக்கும் மூலம் சிற்றூர்த் தறியில் அமர்ந்த நெசவாளர் கை.

இந்நான்கையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அரிய பொருளை மக்கள் காப்பர். எளிய பொருளைத் தேய்ப்பர். பட்டுப் புடவை பெட்டியில் உறங்கும். கைலி கந்தலாகிக் கரித்துணியாகும். எல்லாரிடத்தும் இருந்தது என்ற காரணத்தினாலேயே ஒரு பொருள் எவரிடத்தும் இல்லாமற் போகிறது.

தீவுகளில் இவ்வழிவு விரைவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில், தட்டின் உறையிற் பூஞ்சை படரும், மரப் பொம்மையைச் செல் அரிக்கும், துணி நைந்துபோகும். கடலும் ஒரு பகையாகலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபாரை அழித்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் எத்தனையோ குடும்பங்களின் பெட்டிகளும் சென்றன. இலங்கையினின்று திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த கச்சால் தீவும் அன்று பெரிதும் அழிந்தது. இருமுறை கடல் கடந்த மக்களின் நினைவுப் பொருள்களை மூன்றாம் முறை கடலே எடுத்துக்கொண்டது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பெரிய காட்சிசாலை எழும் வரையில் காத்திருத்தல் வேண்டா. வீட்டில் ஒரு பழைய தட்டோ, பொம்மையோ, துணியோ இருப்பின், அது யாருடையது, எவ்வூரில் எவ்வாண்டில் வாங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் போதும். குறிப்பில்லாத பொருள் வெறும் பண்டம். குறிப்புள்ள பொருளே வரலாறு. பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியரைக் கேட்டு இதனை எழுதலாம். ராஞ்சியார் வீட்டிலும் வங்காளியர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் இவ்வாறு எழுதப்படும் தாள்கள் சேருமாயின், அதுவே பாராடாங்கின் முதல் வரலாற்று நூலாகலாம்.

ஒரு வரம்பையும் இங்கே கூறுதல் கடன். பாராடாங்குக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அவர்தம் பொருளை விலைக்கோ பண்டமாற்றுக்கோ பெறுவதும், அவர்களைப் படம் பிடிப்பதும் சேகரிப்பு ஆகா. அம்மக்களைக் காக்க 1956-லேயே தனி விதி இயற்றப்பட்டுள்ளது. நம் பெட்டியைத் திறக்க நமக்கு உரிமை உண்டு. பிறர் வீட்டுப் பெட்டியைத் திறக்க இல்லை. பழமையைப் போற்றுவது என்பது, போற்றப்படுவோரின் விருப்பத்தையும் போற்றுவதேயாகும்.

அரசர்களின் வரலாற்றை எழுதப் புலவரும் கற்றச்சரும் இருந்தனர். எளியோரின் மாலைப்பொழுதுகளை எழுத அவ்வெளியோரே எஞ்சியுள்ளனர். அதற்கு வேண்டுவது ஒரு தாளும், கேட்டு எழுதும் பொறுமையும், சொல்ல வல்ல முதியோர் உயிரோடிருக்கும் காலமும் ஆம். முதல் இரண்டும் என்றும் கிடைக்கும், மூன்றாவது கிடையாது.